கட்டுமலைக்காரர்களுக்கு ஒரு பனிச்சரிவு வழிகாட்டி

எங்கள் பக்கம் மலை என்றால் சுவாமிமலை. அதுவும் கட்டுமலை, 60 படி ஏறினால் முருகன் முன்னால் நிற்கலாம். கல்லணை தாண்டிக் கிழக்கே பூம்புகார் வரைக்கும் தரை தாம்பாளம் மாதிரிக் கிடக்கிறது. இந்த மண்ணில் வளர்ந்தவனுக்குச் சரிவு என்றால் வாய்க்கால் கரை, பனி என்றால் மார்கழி விடியலில் நெல்தாளில் நிற்கும் ஈரம்.

ஆனால் பொங்கல் லீவு வந்தால் கும்பகோணத்திலிருந்தும் மாயவரத்திலிருந்தும் உத்தராகண்டுக்கும் இமாச்சலுக்கும் பனிக்கால டிரெக்கிங் கிளம்பும் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது. என்னிடம் விசாரிப்பவர்கள் ஷூ எங்கே வாங்குவது, ஜாக்கெட் எத்தனை அடுக்கு, மேலே தயிர்சாதம் கிடைக்குமா என்றுதான் கேட்கிறார்கள். பனிச்சரிவைப் பற்றிக் கேட்டவர் இதுவரை ஒருவர்தான். அவரும் மலைக்குப் போகிறவர் அல்ல, மகனை அனுப்பப் பயந்த ஒரு அம்மா. அவருக்கு வாயால் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

இதைப் படித்துவிட்டுத் தனியாகக் கிளம்பிவிடாதீர்கள். கூட்டிப்போகிற ஆள் "ஒண்ணும் ஆகாது, வாங்க" என்று சொல்லும்போது, அது சரியா என்று நாமே நிதானிக்க வேண்டும். அதற்குத்தான் இது. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: என் கணக்கில் டெல்டாக்காரனுக்கு மலையில் பெரிய ஆபத்து அவன் சட்டைப்பையில் இருக்கும் திரும்பும் டிக்கெட். ஏன் என்பது கடைசியில் வரும்.

1. சரிவது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நம் செய்திகளில் எது விழுந்தாலும் "பனிப்பாறை சரிந்தது" என்று போட்டுவிடுகிறார்கள். பனிப்பாறை வேறு. அது பல ஆண்டுப் பனி இறுகி ஆறு மாதிரி மெல்ல நகரும் கட்டி. இங்கே நாம் பேசுவது இந்தப் பருவத்தில் விழுந்து மலைச்சரிவில் உட்கார்ந்திருக்கும் பனி, திடீரென்று இறங்குவதை.

அதில் இரண்டு முக்கிய வகை. முதல் வகையைக் களத்தில் பார்த்திருக்கிறீர்கள். நெல் அம்பாரத்தின் மேல் ஒரு இடத்தில் விரலால் தட்டினால் அங்கிருந்து விசிறி போல விரிந்துகொண்டு மணி உருளும். ஒட்டாத தூள்பனி அப்படித்தான் ஒரு புள்ளியில் கிளம்பிக் கீழே அகலும். புதுப்பனி விழுந்த கையோடும், வெயில் ஏறிப் பனி நனைந்த பிறகும் இது சகஜம். பெரும்பாலும் சின்னது. ஆனால் கீழே பள்ளமோ ஆற்றுப்பிளவோ இருந்தால் சின்னதும் ஆளைத் தள்ளிவிடும்.

ஆளைக் கொல்லும் வகை இரண்டாவது. கோடையில் வயல் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்குமே, அந்தப் பாளத்தை மனதில் வையுங்கள். மேலே கெட்டிப்பட்ட பனிப்பாளம், அதற்குக் கீழே ஒட்டுறவில்லாத ஒரு நொய்யடுக்கு. நீங்கள் பாளத்தின் மேல் கால் வைத்ததும் கீழே இருக்கும் நொய் நசுங்குகிறது. அந்த நசுக்கல் பக்கவாட்டில் ஓடுகிறது. ஒரு மாநாட்டுப் பந்தல் அகலத்துக்கு மேல்விளிம்பில் கோடு விழுந்து, பாளம் முழுவதும் ஒரே நேரத்தில் கிளம்புகிறது. நீங்கள் நிற்பது பாளத்தின் நடுவில். சில நொடிகளில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிடும்.

பொழுதுபோக்குக்காக மலையேறிப் பாளச்சரிவில் சிக்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில் அதைக் கிளப்பிவிட்டது அவர்களோ அவர்கள் கூட வந்தவர்களோதான். பனி தானாக வந்து விழுவதில்லை என்று இல்லை, ஆனால் பெரும்பாலும் நாம் போய்த்தான் எழுப்புகிறோம். இது நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்கிறேன். போகாமல் இருந்தால் எழும்பாது.

2. பனியின் வயிற்றில் என்ன இருக்கிறது

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

இமயத்தின் மேற்குப் பகுதிக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மேற்கத்திய இடையூறு என்று வானிலைக்காரர்கள் சொல்லும் காற்றமைப்பு. மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வந்து காஷ்மீரில் தொடங்கி உத்தராகண்ட் வரை கொட்டிவிட்டுப் போகும். ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு. இரண்டு இடையூறுகளுக்கு நடுவே தெளிந்த வானமும் கடுங்குளிருமாகப் பல நாட்கள் கழியும். அந்த இடைவெளியில்தான் வினை விளைகிறது.

நவம்பரிலோ டிசம்பரிலோ விழுந்த முதல் பனி அரை மீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரி. பனி ஒரு போர்வை என்பதால் பூமியின் சூடு அங்கே தங்குகிறது. மேற்பரப்பு இரவில் மைனஸ் 15. ஆக 50 சென்டிமீட்டருக்குள் 15 டிகிரி வித்தியாசம், அதாவது 10 சென்டிமீட்டருக்கு 3 டிகிரி. ஒரு டிகிரியைத் தாண்டினாலே அடியிலிருந்து நீராவி மேலே ஏறி, பனித்துகள்களைக் கோணம் கோணமான படிகங்களாக மாற்றத் தொடங்கும். சில வாரத்தில் அடிப்பனி வேதாரண்யம் கல்லுப்பு போல ஆகிவிடும். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாகாது, விரல் இடுக்கில் கொட்டும். ஜனவரியில் பெரிய இடையூறு ஒன்று வந்து இந்தக் கல்லுப்பின் மேல் ஒரு மீட்டர் பனியை ஏற்றினால் என்ன ஆகும்? உப்பு அம்பாரத்தின் மேல் கடப்பைக்கல்லைச் சாய்த்து வைத்த கதைதான்.

பனி குறைவாக இருக்கிறதே, பயமில்லை என்று நினைக்கும் நம் ஆட்கள் இங்கேதான் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஆழமான பனியைவிட, மெலிந்த பனி கடுங்குளிரில் சீக்கிரம் கெட்டுப்போகிறது.

இரண்டாவது நொய்யடுக்கு நமக்கு இன்னும் பழக்கமானது. மார்கழியில் எந்த ராத்திரி பனி அதிகம் பெய்யும் என்று வயலுக்குப் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மேகமில்லாமல், காற்றில்லாமல் இருக்கும் ராத்திரி. தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர்கிறது, காற்றின் ஈரம் இலையில் படிகிறது. மலையில் அதே ராத்திரியில் அதே ஈரம் நீராகாமல் நேரே படிகமாகப் பனியின் மேல் முளைக்கும். காலையில் வெயில் பட்டால் இறகு இறகாக மினுங்கும். படம் எடுக்காதவர் கிடையாது. அந்த அழகு வெயிலிலும் காற்றிலும் அழிந்துவிட்டால் கவலையில்லை. அழியாமல் அதன் மேல் புதுப்பனி விழுந்து மூடினால், அது வாரக்கணக்கில் உயிரோடிருக்கும் கண்ணி. நிழல் விழும் வடக்குச் சரிவுகளில் இது நீண்டநாள் நிற்கும்.

மூன்றாவது, காற்று. வானம் தெளிவாக இருக்கும்போதே காற்று ஒரு பக்கத்துப் பனியைச் சுரண்டி முகட்டின் மறுபக்கம் கொண்டுபோய்க் கொட்டும். மழை பெய்யாமலே மேட்டூர் தண்ணீர் வந்து நம் ஆறு நிரம்புகிற மாதிரி, பனி பெய்யாமலே ஒரு சரிவில் பாரம் ஏறும்; அதுவும் பனிப்பொழிவைவிடப் பல மடங்கு வேகத்தில். காற்று மறைவுப் பக்கம் தலையணை போல வழுவழுப்பாக உப்பிய பனி, தட்டினால் மத்தளம் போலப் பொள்ளலாக ஒலிக்கும் பனி, இரண்டும் காற்றுப்பாளத்தின் அடையாளம். முகட்டில் கூரையின் இறவாணம் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பனிவிளிம்பும் காற்று கட்டியதுதான். அதன் மேலும் நிற்கக்கூடாது, அதற்கு நேர் கீழேயும் நடக்கக்கூடாது.

வங்கக்கடலுக்கும் இதில் பங்கு உண்டு. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுட்ஹுட் புயல், வலுவிழந்து வடக்கே நகர்ந்து நேபாள மலையில் முட்டியது. இரண்டே நாளில் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் தோரோங் கணவாய்ப் பக்கம் பனிப்புயலும் பனிச்சரிவுமாக 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அக்டோபர் அங்கே நல்ல சீசன். கஜாவில் தென்னை இழந்த நமக்குப் புயல் நாகப்பட்டினத்தோடு முடிந்துபோகும் விஷயம் என்று ஒரு நினைப்பு. அக்டோபர், நவம்பரில் மலைக்குப் போகிறவர்கள் வங்கக்கடல் வரைபடத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

3. மொட்டை மாடிப் படியில் கோணம் பழகுங்கள்

பாளச்சரிவு கிளம்புவது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையான சரிவுகளில். 38ஐ ஒட்டி அதிகம். 45ஐவிடச் செங்குத்தானால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். 30க்குக் கீழே என்றால் பாளத்தை இழுக்கும் விசை போதாது. ஆகவே இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு எண்ணை மனப்பாடம் செய்வதென்றால் 30ஐச் செய்யுங்கள்.

தட்டை நிலத்துக்காரன் கண் கோணத்தில் ஏமாறும். எனக்கு முதல் தடவை 25 டிகிரியே சுவர் மாதிரித் தெரிந்தது, நாலு நாள் கழித்து 35 டிகிரி சாதாரணமாகத் தெரிந்தது. இரண்டாவதுதான் ஆபத்து. ஊரிலேயே பழகலாம்: கைப்பேசியில் சாய்வு காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, வீட்டு மாடிப்படியின் மேல் நீளமான கட்டையை வைத்து அதன் மேல் கைப்பேசியை வையுங்கள். நம் வீடுகளின் படிக்கட்டு பலதும் 30க்கும் 40க்கும் நடுவில் விழும். அதாவது நீங்கள் தினமும் துணி காயப்போட ஏறும் அதே சாய்வில் பனி இருந்தால் அது சரியக்கூடிய சரிவு. இதைக் காலால் உணர்ந்துவிட்டால் மலையில் கண் ஏமாற்றினாலும் கால் சொல்லும்.

நீங்கள் நிற்கும் இடம் தட்டையாக இருந்தால் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே 38 டிகிரியில் கிளம்பியது கீழே சமதளத்தில் கூடாரம் போட்டவரையும் வந்து சேரும். நின்ற இடத்திலிருந்து சரிவின் உச்சியைக் கைப்பேசி விளிம்பால் குறிபாருங்கள். அந்தக் கோணம் 25க்கு மேல் என்றால் எட்டும் இடத்தில் நிற்கிறீர்கள். 18க்குக் கீழே வந்தால் ஓரளவு மூச்சு விடலாம்.

4. கொள்ளிடத்தில் ஒத்திகை

பனிச்சரிவுப் பகுதிக்குள் போவதென்றால் ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள் வேண்டும்: 457 கிலோஹெர்ட்ஸில் பேசும் பீக்கன் (புதைந்தவரிடமிருந்து அலை அனுப்பவும், அந்த அலையைத் தேடவும் செய்யும் சிறு கருவி), பனிக்குள் குத்திப் பார்க்கக் குறைந்தது 240 சென்டிமீட்டர் நீளும் மடக்குக் கம்பி, தோண்ட உலோகச் சவல். குழுவுக்கு ஒன்று என்று வாங்கினால் பயனில்லை. புதைந்தவனிடம் சவல் இருந்து, வெளியே நிற்பவனிடம் இல்லாவிட்டால் என்ன செய்வது? மூன்றும் சேர்த்து விலை அதிகம். வாடகைக்குக் கிடைக்குமா என்று கூட்டிப்போகிறவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். "அதெல்லாம் தேவைப்படாத ரூட்" என்று பதில் வந்தால், ஏன் தேவைப்படாது என்று அவரையே விளக்கச் சொல்லுங்கள். பாதை காடும் முகடுமாகப் போகிறது, மேலே 30 டிகிரிச் சரிவு எதுவும் இல்லை என்று வரைபடத்தை வைத்துக் காட்டினால் அது பதில். சிரித்து மழுப்பினால் அது பதில் இல்லை.

கருவி வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதால் யாரும் பிழைப்பதில்லை. பழக வேண்டும். அதற்கு நமக்குக் கொடுத்துவைத்த இடம் சித்திரை வைகாசிக் கொள்ளிடம். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் ஆறு மணலாய்க் கிடக்கும். ஒருவர் பீக்கனை அனுப்பும் நிலையில் வைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு (எவர்சில்வர் தூக்கில் போடாதீர்கள், அலையை மறித்துவிடும்), வைக்கோல் அடைத்த சாக்குக்குள் திணித்து, முழங்கை ஆழத்துக்குப் புதைத்துவிட்டு மணலைப் பரப்பிவிட வேண்டும். மற்றவர்கள் தேட வேண்டும். கம்பி வைக்கோல் சாக்கில் படும்போது கைக்கு வரும் மெத்தென்ற உணர்வும், கெட்டி மணலில் முட்டும்போது வரும் உணர்வும் வேறு வேறு. அந்த வித்தியாசத்தைக் கை கற்றுக்கொள்ள வேண்டும்.

மனிதரைப் புதைத்துப் பழகாதீர்கள், விளையாட்டுக்கும் வேண்டாம். மணல் அள்ளிய பள்ளங்கள் பக்கமும் போகாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை: சவலும் சாக்குமாக நாலு பேர் கொள்ளிடத்துக்குள் இறங்கினால் ஊர் என்ன நினைக்கும்? எங்களை ஒரு பெரியவர் கரையிலிருந்தே மடக்கினார். "எந்த ஊருப்பா நீங்க, லாரி எங்க நிக்குது?" பீக்கனைக் காட்டி விளக்கி முடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. கடைசியில் அவரே சாக்கைப் புதைத்துக் கொடுத்தார், நாங்கள் 11 நிமிஷத்தில் எடுத்தோம். "அதுக்குள்ள செத்துருப்பானேப்பா" என்றார். அவ்வளவு சீக்கிரம் இல்லை, ஆனால் அவர் அவசரம் சரிதான்.

5. கிளம்புவதற்கு முன்: அறிவிப்பும் டிக்கெட்டும்

இந்தியாவில் பனிச்சரிவு முன்னறிவிப்பு தருவது பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் கீழ் சண்டிகரில் இருக்கும் டிஜிஆர்இ. முன்பு மணாலியில் சாசே என்ற பெயரில் இருந்த அமைப்பு இதில் 2020ல் இணைக்கப்பட்டது. குளிர்காலத்தில் மாவட்ட வாரியாக, இத்தனை மீட்டருக்கு மேல், அடுத்த 24 மணி நேரத்துக்கு என்று எச்சரிக்கை வரும். செய்தித்தாள்களும் மாநிலப் பேரிடர் அமைப்புகளும் அதை எடுத்துப் போடுகின்றன.

உலகம் முழுக்க வழக்கத்தில் உள்ள அளவுகோல் ஐந்து படி. இதில் நம் பள்ளிக்கூட மனம் ஒரு தப்பு செய்யும்: ஐந்துக்கு மூன்று என்றால் பாஸ்மார்க், நடுத்தரம் என்று. அப்படி இல்லை. ஒவ்வொரு படிக்கும் ஆபத்து பல மடங்காகப் பெருகுகிறது. அதிகம் பேர் சாவது மூன்றாம் படி நாட்களில்தான், ஏனென்றால் நான்கிலும் ஐந்திலும் வெளியே போகிறவர்கள் குறைவு. என் விதி, மூன்று என்றால் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவிலும் அதன் அடிவாரத்திலும் கால் வைப்பதில்லை. நான்கு என்றால் ஊரில் உட்கார்ந்து மேகி.

மாவட்ட அளவிலான அறிவிப்பு நீங்கள் போகும் ஓடையைப் பற்றிச் சொல்லாது. திருவாரூர் மாவட்டத்தில் கனமழை என்ற செய்தி உங்கள் வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று சொல்லாதல்லவா? அதற்கு உள்ளூர் ஆள் வேண்டும். பத்து நாளாக அந்தப் பள்ளத்தாக்கில் எவ்வளவு விழுந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, எங்கே சரிந்தது என்று மேலே இருக்கும் வழிகாட்டிக்கோ கோவேறு கழுதைக்காரருக்கோ போன் போட்டு விசாரியுங்கள்.

இனி டிக்கெட். கும்பகோணத்திலிருந்து தில்லிக்கே சுமார் 2,500 கிலோமீட்டர். ரயிலுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு, போக மூன்று நாள், வர மூன்று நாள், நடுவில் மலைக்கு ஆறு நாள், லீவு ஒரு நாள்கூட மிச்சமில்லை. இப்படித் திட்டம் போட்டால், பனியைப் பற்றிய முடிவை நீங்கள் தஞ்சாவூரிலேயே எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மலையடிவார ஊரில் உட்கார்ந்து "இன்னைக்குப் போகலன்னா ரயில் போயிடும்" என்று யோசிப்பவன் சரிவைப் பார்க்கவே மாட்டான். குறைந்தது இரண்டு நாள் வெறுமனே வையுங்கள். இன்னொரு பாதையையும், தாழ்வாக, காட்டுக்குள் போவதாக, முன்பே தேர்ந்து வையுங்கள்.

சிங்கப்பூர் மச்சான் வாங்கிக்கொடுத்த செயற்கைக்கோள் போன் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அனுமதியில்லாமல் இந்தியாவில் அதைப் பயன்படுத்துவது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள்.

6. மேலே போனதும் பார்க்க வேண்டியவை

ஐந்து அறிகுறிகள் போதும். இவற்றில் ஒன்று வந்தாலும் செங்குத்துச் சரிவை விட்டு விலகுங்கள்.

பக்கத்துச் சரிவுகளில் புதிதாகச் சரிந்த தடம். இதைவிட நேரடியான சாட்சி இல்லை.

நடக்கும்போது காலடியில் "வூம்ப்" என்ற அமுங்கல் ஒலி. பாளத்துக்குக் கீழே நொய் நசுங்கும் சத்தம் அது. தட்டை இடத்தில் கேட்டதால் தப்பித்தீர்கள். சரிவில் கேட்டிருந்தால் சொல்ல ஆள் இருந்திருக்காது.

கால் வைத்த இடத்திலிருந்து பனியில் கண்ணாடிக் கீறல் போல ஓடும் விரிசல்.

கடந்த 24 மணி நேரத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் பனி, அல்லது பலத்த காற்று, அல்லது இரண்டும். பெரும் பொழிவு முடிந்து வானம் வெளுக்கும் முதல் நாள் மிக மோசமான நாள். எல்லோரும் கிளம்புவதும் அன்றைக்குத்தான்.

திடீர்ச் சூடு. வெயில் ஏறிப் பாறையிலிருந்து சொட்டத் தொடங்கி, பனி உருண்டைகள் தானாக உருள ஆரம்பித்தால், தெற்கும் மேற்கும் பார்த்த சரிவுகள் நனைந்துகொண்டிருக்கின்றன. இதனால்தான் ஆபத்தான இடங்களை விடியும் முன் கடக்கிறார்கள்.

குழி வெட்டிப் பார்ப்பது பற்றிப் பலர் கேட்கிறார்கள். 30க்கு 30 சென்டிமீட்டரில் பனித்தூண் ஒன்றைச் செதுக்கி, மேலே சவலை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டி, எத்தனையாவது தட்டில் நழுவுகிறது என்று பார்ப்பார்கள். கற்க வேண்டிய வித்தை. ஆனால் ஒருபக்க வித்தை: சீக்கிரம் நழுவினால் போகக்கூடாது என்று தெரியும்; நழுவாவிட்டால் போகலாம் என்று தெரியாது. பத்தடி தள்ளி அடுக்கு வேறாக இருக்கலாம்.

நிலத்தையும் படியுங்கள். அடர்காட்டின் நடுவே மரமே இல்லாத நேர்ப்பட்டை ஓடினால் அது சரிவின் வழக்கமான வழி. மேல்பக்கக் கிளைகள் மட்டும் முறிந்த மரங்களும் அதையே சொல்லும். இடுங்கிய ஓடைப் பள்ளங்கள் வேண்டவே வேண்டாம். சிறு சரிவுகூட அங்கே ஆளை ஆழப் புதைத்துவிடும்.

7. கடந்தே ஆக வேண்டுமென்றால்

ஒருவர் பின் ஒருவராக. ஒருவர் கடக்கும்போது மற்ற எல்லோரும் பத்திரமான இடத்தில் நின்று அவர்மேல் கண் வைத்திருக்க வேண்டும். பையின் இடுப்புப் பட்டையையும் கைத்தடிக் கயிற்றையும் கழற்றிக்கொள்ளுங்கள். நடுவில் நின்று செல்பி கிடையாது. பீக்கன் அனுப்பும் நிலையில் இருக்கிறதா என்று காலையிலேயே ஒருவர் எல்லோரையும் சோதித்திருக்க வேண்டும். கைப்பேசி அதிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், தேடும்போது 50.

முன்னால் போனவர் தடம் இருக்கிறது என்பது சாட்சி ஆகாது. ஐந்தாவது ஆளின் பாரத்தில் நழுவும் பாளங்கள் உண்டு.

8. சரிந்துவிட்டால்

சிக்கியவர் கத்த வேண்டும், தடிகளை உதற வேண்டும், ஓரத்துக்குப் போராட வேண்டும். வேகம் குறையும்போது ஒரு கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் பிடிக்க வேண்டும். நின்றதும் பனி சிமென்ட் போல இறுகிவிடும்; அதன் பிறகு விரலைக்கூட அசைக்க முடியாது.

முழுதும் புதைந்தவரை முதல் 10 நிமிஷத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணியைத் தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே பெரிது. 2016 பிப்ரவரியில் சியாச்சினின் சோனம் முகாமில் புதைந்த 10 ராணுவ வீரர்களில் ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, பனிக்குள் பல நாள் தாங்கலாம் என்று சிலர் நம்புகிறார்கள். அவர் கூடாரத்தோடு புதைந்தவர், மூச்சுவிட இடம் கிடைத்தது. அப்படியும் சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்தார். மற்ற ஒன்பது பேரும் திரும்பவில்லை. அவர்களில் நான்கு பேர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள்.

ஹெலிகாப்டர் வர மணிக்கணக்காகும். காப்பாற்றுவது கூட நிற்பவர்கள் மட்டும்தான். மேலே இன்னொரு சரிவு காத்திருக்கிறதா என்று ஒரு கண் பார்த்துவிட்டு, கடைசியாக ஆளைப் பார்த்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோருமே பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மறந்தாலும் உயிரோடிருப்பவரையே தேடிக்கொண்டிருப்பீர்கள். அங்கிருந்து கீழ்நோக்கி, 40 மீட்டர் அகலப் பட்டைகளாக, மேலே தெரியும் தொப்பி, கையுறை, பை எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே போங்கள். அலை கிடைத்ததும் அம்பு காட்டும் வழியில், தூரத்தைச் சொல்லும் எண் குறையக் குறைய நடந்து, எண் 3க்கு வந்ததும் கருவியைப் பனிமட்டத்துக்கு இறக்கி, குறுக்கும் நெடுக்கும் நகர்த்தி, மிகக் குறைந்த எண்ணைப் பிடியுங்கள். அங்கே கம்பியைப் பனிப்பரப்புக்குச் செங்குத்தாக இறக்குங்கள். தட்டுப்படாவிட்டால் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருளாக விரியுங்கள். பட்டதும் கம்பியை உருவாதீர்கள்.

பிறகு தோண்டல். நம்மூர்க்காரர்கள் கிணறு போல நேர் கீழே தோண்டத் தொடங்குவார்கள், அது தப்பு. கம்பி காட்டும் ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரம் கீழ்ச்சரிவில் தள்ளி நின்று, பக்கவாட்டிலிருந்து உள்ளே வெட்டிப் போங்கள். சரிந்த பனி கன மீட்டருக்கு 400 கிலோ வரும். கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பம் பத்து. ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் தள்ள வேண்டும். வெட்டுகிறவர் ஒருவர், பின்னால் தள்ளிவிடுகிறவர்கள் வரிசையாக, ஒரு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றி. முகம் தெரிந்ததும் வாய், மூக்கு, அப்புறம் நெஞ்சுக்கு இடம். மூச்சு இல்லையென்றால் அங்கேயே ஊதத் தொடங்குங்கள்.

முறையாகக் கற்க உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனம், டார்ஜிலிங் இமயமலை மலையேற்ற நிறுவனம் போன்றவற்றின் அடிப்படைப் பயிற்சி இருக்கிறது. ஏறக்குறைய நாலு வாரம். பயிற்சி கவசம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2022 அக்டோபர் 4ல் திரௌபதி கா டண்டா சிகரத்தில் சரிவில் சிக்கியது அதே உத்தரகாசி நிறுவனத்தின் பயிற்சிக்குழுதான். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள், அனுபவமுள்ள பயிற்றுநர்கள் உட்பட.

9. திரும்புவது

எங்கள் கதை இது. ஐந்து பேர், பொங்கல் லீவு, உத்தரகாசி மாவட்டத்தில் ஒரு கணவாய். அடிவாரத்தில் இரண்டு நாள் கொட்டித் தீர்த்தது. மூன்றாம் நாள் வானம் நீலமாக வெளுத்தது. உள்ளூர் வழிகாட்டி இன்னும் ஒரு நாள் பொறுக்கச் சொன்னார். எங்களுக்கு ஒரு நாள் இல்லை. தில்லியில் ரயில், சம்பா அறுவடைக்கு ஆள் சொல்லிவிட்டு வந்த நண்பன் ஒருவன், லீவு முடிகிற வங்கிக்காரர் ஒருவர். நாங்கள்தான் வழிகாட்டியை வற்புறுத்தினோம். கூடுதல் பணம் தருவதாகச் சொன்னது நான். அவர் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மரவரிசை முடிந்த இடத்தில் தட்டையான ஒரு திட்டில் அந்தச் சத்தம் கேட்டது. காலடி அரை அங்குலம் இறங்கியது. எதிரே கணவாய்க்குப் போகும் சரிவு. கைப்பேசி 36 காட்டியது. யாரும் ஒன்றும் பேசவில்லை. அறுவடைக்காரன்தான் முதலில் வாய் திறந்தான். "ஆளு சொல்லியாச்சுன்னா என்ன, அறுக்கறதுக்கு நான் இருக்கணும்ல." திரும்பிவிட்டோம்.

ரயில் போனது. ரத்துக் கட்டணம் போக மிச்சம் வந்தது, தட்காலில் புதிதாக எடுத்ததில் தலைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் கூடுதல். வங்கிக்காரருக்குச் சம்பளத்தில் ஒரு நாள் பிடித்தார்கள். ஊருக்கு வந்து பத்து நாள் கழித்து வழிகாட்டிக்குப் போன் போட்டு, அந்தச் சரிவு இறங்கியதா அண்ணா என்று கேட்டேன். அந்தப் பக்கம் அதற்கப்புறம் யாருமே போகவில்லை, தெரியாது என்றார்.